நான்கு நொடி முன்னால்

வழுக்குவதற்கு நான்கு நொடி முன்பே செண்பகவல்லியின் வலது குதிகால் வழுக்கியது. முழங்கால் பாறையில் மோதும் அதிர்வு, உள்ளங்கைத் தோல் உரியும் எரிச்சல், இடுப்புவரை ஏறும் தண்ணீரின் குளிர், எல்லாமே ஒரு முறை உடம்பில் வந்து போயின. ஆனால் அவள் இன்னும் காலை எடுத்து வைக்கவே இல்லை. பாசி படிந்த அந்தப் பாறையை விட்டுவிட்டு ஒரு சாண் இடப்புறம் தள்ளி மிதித்தாள். எதுவும் வழுக்கவில்லை. தாவினாள். அடுத்த பாறை, அதற்கடுத்த பாறை, நுரை பொங்கும் இடைவெளிக்கு மேலே நீளமாக ஒரு எட்டு. அக்கரையில் போய் நின்றபோது மூச்சு வாங்கியது. சிரிப்பும் வந்தது.

மூன்றாவது அருவி முடிந்தது. இன்னும் நான்கு.

காதுக்குப் பின்னால் விரலகலத்துக்கு ஒட்டியிருந்தது முன்னுணர்வுப் பட்டை. தசைகள் என்ன செய்யப்போகின்றன என்பதை அது நரம்பிலிருந்தே படித்துவிடும். எதிரே இருக்கும் பாறையையும் ஈரத்தையும் அளக்கும். அடுத்த நான்கு நொடிகளில் அந்த உடம்புக்கு என்ன நேரப்போகிறதோ, அதை அந்த உடம்புக்கே முன்கூட்டிக் காட்டிவிடும். பட்டை வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு காலத்தில் கயிறும் கொக்கியும் பத்துப் பேரும் இல்லாமல் யாரும் ஏழு அருவிகள் விழும் இந்த ஏழுதாவுப் பள்ளத்தில் இறங்கியதில்லை. அப்படியும் வருடத்துக்கு ஒருவரையாவது பொதிகை மலை வாங்கிக்கொண்டது. இப்போது மருத்துவமனையின் மகப்பேறுப் பிரிவில் செவிலியாக வேலை பார்க்கும் முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி, ரப்பர் செருப்பும் புளியோதரைப் பொட்டலமுமாகத் தனியே கிளம்பிவிட முடிகிறது.

தனியேதான் கிளம்ப முடியும். இரண்டு பட்டைகள் இருபதடிக்குள் வந்தால் இரண்டுமே குழம்பிப்போகும். என் அடுத்த நொடி நீ எங்கே மிதிப்பாய் என்பதைப் பொறுத்தது, உன்னுடையது என்னைப் பொறுத்தது. தலை சுற்றி இருவரும் விழ வேண்டியதுதான். ஊருக்குள் பட்டையை அரை நொடிக்குக் குறைத்து வைத்துச் சமாளிப்பார்கள். காட்டில் அது போதாது. அதனால் பள்ளத்துக்குள் நாளொன்றுக்கு ஒருவருக்கு மட்டுமே அனுமதி. செண்பகவல்லி பதினான்கு மாதம் காத்திருந்தாள்.

காலையில் கீழ்வாசலில் காவலர் சொரிமுத்து பதிவேட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"நேத்து போனவுக வெளிய வந்துட்டாகளா அண்ணாச்சி?"

"மேல்வாசல் வழியா போயிருப்பாகம்மா. விழுந்திருந்தா இங்கன மணி அடிச்சிருக்கும்லா? அடிக்கல. அப்ப போயிட்டாகன்னுதான அர்த்தம்."

"நீங்க உள்ள போயிருக்கீகளா?"

"ஒம்பது வருசமா வாசல்லயே நிக்கேன். ஒரு நாளைக்கு ஒராளு. அதுல நான் எங்க போவ?" என்று சிரித்துக்கொண்டே தடுப்பைத் தூக்கினார்.

நான்காவது அருவி படிக்கட்டுப் போல உடைந்து உடைந்து இறங்கியது. அதன் ஓரத்திலேயே ஏறினாள். தலைக்கு மேலே சிங்கவால் குரங்குகள் கிளை மாறிக் கிளை மாறிக் கூடவே வந்து, அவளுக்கு வால் இல்லாததைப் பார்த்தோ என்னவோ, கத்திவிட்டுப் போயின. ஐந்தாவது அருவியின் விளிம்பில் ஏறி நின்று கீழே பார்த்தாள். இரண்டு மாடி உயரம். அடியில் கரும்பச்சையாகத் தடாகம். குதிக்க வேண்டும் என்று நினைத்தவுடனேயே வயிறு மேலே எழும்பியது. காற்று காதில் இரைந்தது, நீர் உள்ளங்காலில் அறைந்தது. எலும்பு ஒன்றும் முறியவில்லை. அதன்பிறகுதான் நிஜமாகக் குதித்தாள். ஒரே குதியை இரண்டு முறை குதித்த சந்தோஷத்தில் தண்ணீருக்கடியிலேயே கத்தினாள். வாயெல்லாம் குமிழி.

ஆறாவது அருவிக்குத் திரும்பும் வளைவில்தான் அந்த நடுக்கம் தொடங்கியது. இடக்காலை வைத்தால் நிற்கிறாள், அதே நொடியில் விழுகிறாள். கண் இருண்டது. பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் இன்னொரு பட்டை இருக்கிறது!

அருவிக்குப் பின்னால், பாறைச் சுவரில் ஓடிய ஒரு விளிம்பின் மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். உதடு வெளுத்திருந்தது.

"கிட்ட வராதீங்க அக்கா! தலை சுத்துது!"

"நீ யாரும்மா?"

"ஜெசிந்தா. நேத்து வந்தேன். பாளையங்கோட்டை."

"நேத்தா? அடிபட்டிருக்கா?"

"இல்ல. விழவே இல்ல. ஆனா எந்தப் பக்கம் கால வச்சாலும் விழுற மாதிரியே காட்டுது. முன்னால போனாலும் விழுறேன், பின்னால போனாலும் விழுறேன். எந்திரிச்சாக்கூட விழுறேன். ராத்திரி முழுக்க ஆயிரந் தடவ செத்துட்டேன் அக்கா."

செண்பகவல்லி அந்த விளிம்பைப் பார்த்தாள். தன் மருத்துவமனைக் கட்டிலைவிடச் சற்றே குறுகல். ஈரம்தான், ஆனால் சொரசொரப்பான பாறை. இதில் எப்படி ஒருத்தி விழ முடியும்?

பிறகு சட்டென்று புரிந்தது. பட்டை பாறையை மட்டும் படிப்பதில்லை, தசையையும் படிக்கிறது. இந்தப் பெண் ஒரு முறை பயந்திருக்கிறாள். பயத்தில் கால் விறைத்திருக்கிறது. விறைத்த காலோடு நடந்தால் விழுவாள் என்று பட்டை சரியாகவே சொல்லியிருக்கிறது. அந்த விழுகையை உணர்ந்ததும் கால் இன்னும் விறைத்திருக்கிறது. பட்டை இன்னும் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. இருபது மணி நேரமாக இப்படியே.

"பட்டையக் கழட்டிப் போடு பிள்ள!"

"கழட்டக் கைய எடுத்தாலும் விழுறேன்!"

அப்படியானால் யாராவது போய்த்தான் கழற்ற வேண்டும். அதற்கு முதலில் தன்னுடையதைக் கழற்ற வேண்டும். பதினோரு ஆண்டுகளில் குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. இரண்டு முறை கையை உயர்த்தி இரண்டு முறை இறக்கினாள். மூன்றாவது முறை பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

நடுக்கம் நின்றது. கூடவே எல்லாமே நின்றதுபோல் இருந்தது. அடுத்த நொடி என்று ஒன்று இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. காலை வைத்தாள். அது அங்கேயேதான் நின்றது. அடுத்த கால். அருவியின் சாரல் முகத்தில் பட்டபோது அது படும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஏழாவது அடியில் வழுக்கியது. முழங்கால் பாறையில் இடித்தது, கை தானாகவே ஒரு வேரைப் பிடித்துக்கொண்டது. ரத்தம் கசிந்தது.

"அக்கா!"

"ஒண்ணுமில்லட்டி!" என்றாள் செண்பகவல்லி. ஏன் சிரிக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "வழுக்கிச்சு. அவ்வளவுதான். வழுக்கினா புடிச்சுக்கிடலாம் போல!"

பக்கத்தில் போய் உட்கார்ந்து, பிரசவ வலியில் துடிப்பவர்களிடம் பேசும் குரலில் பேசினாள்.

"என் மூஞ்சியப் பாரு. அங்கன பாக்காத, இங்கன பாரு. மூச்ச உள்ள இழு. விடு. இன்னொருக்க." பேசிக்கொண்டே காதுக்குப் பின்னால் விரலைக் கொண்டுபோய்ப் பட்டையை உரித்தெடுத்தாள்.

ஜெசிந்தா ஒரு கணம் திடுக்கிட்டாள். பிறகு தன் கால்களைப் பார்த்தாள்.

"நான் விழலியே."

"நீ எங்க விழுந்த? உக்காந்துல்லா இருக்க!"

புளியோதரையை ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள். பிறகு கையைக் கோத்துக்கொண்டு எழுந்தார்கள். பட்டை வந்ததிலிருந்து மலையில் யாரும் யார் கையையும் பிடித்து நடந்ததில்லை. ஒருத்தி தடுமாறினால் மற்றவள் இழுத்தாள், சில நேரம் இரண்டு பேருமே உட்கார்ந்துவிட்டார்கள். ஜெசிந்தாவின் முழங்கையில் சிராய்ப்பு, செண்பகவல்லியின் செருப்பில் ஒன்று ஆற்றோடு போனது. வளைவு திரும்பியதும் ஏழாவது அருவியின் காற்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முகத்தில் வந்து அறைந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். பயந்து அலறவில்லை. மலை உச்சியிலிருந்து வெள்ளையாக ஒரு ஆறே நட்டுக்குத்தாக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு வானவில் அசையாமல் நின்றது.

மேல்வாசலுக்கு அவர்கள் ஏறி வந்தபோது ஜீப்போடு சொரிமுத்து நின்றுகொண்டிருந்தார். விழுந்தால் மட்டுமல்ல, பட்டை கழன்றாலும் மணி அடிக்கும். இரண்டு மணி அடித்திருக்கிறது. ஒரு ஆள் போன பள்ளத்தில் எப்படி இரண்டு மணி என்று தலையைப் பிய்த்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். ஜெசிந்தாவைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது.

"நீ நேத்தே போயிட்டேன்னுல்லா நெனச்சேன் தாயி..."

நடந்ததைக் கேட்டுக்கொண்டே இரண்டு பட்டைகளையும் பதிவுப்பெட்டியில் வைத்தார். பெட்டி திரையில் எழுதிக் காட்டியது. அவர் வாய்விட்டுப் படித்தார்.

"ஜெசிந்தா. ஒரே இடத்தில் இருபது மணி நேரம் பதினோரு நிமிடம். விபத்து ஏதுமில்லை. முழுப் பாதுகாப்புடன் இருந்தார். பாராட்டுகள்." அடுத்ததைப் படித்தார். "செண்பகவல்லி. பட்டையை நீக்கி அபாயகரமாக நடந்துகொண்டார். ஓராண்டுக்குப் பட்டை அனுமதி ரத்து."

"பட்டை இல்லாம போறதுக்கு அனுமதி வேணுமா அண்ணாச்சி?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

சொரிமுத்து விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "எல்லா விதியும் 'பட்டை அணிந்தவர்'னுதான் தொடங்குது. அணியாதவுகளப் பத்தி ஒண்ணுமே போடலியே. எத்தன பேர் போலாம்னுகூட இல்ல." காதோரம் தடவினார். "எனக்கு ஞாயித்துக்கெழம லீவுதான்" என்றார்.

அடுத்த மாதத்துக்குள் ஏழுதாவில் ஒரே நாளில் நாற்பது பேர் கைகோத்து இறங்கினார்கள். பதினோரு ஆண்டுகளாக எலும்பு முறிந்து யாரும் வராததால் செண்பகவல்லியின் மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடத் தெரிந்தவர் ஒருவருமில்லை. மாவு வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்தது. பழைய பாடப்புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு அவளே போடக் கற்றுக்கொண்டாள். முதலில் வந்து உட்கார்ந்தவர் சொரிமுத்து. இடக்கை மணிக்கட்டு வீங்கித் தொங்கியது, கண்ணில் வலியால் தண்ணீர் நின்றது, முகமெல்லாம் சிரிப்பு.

"முன்னாடி ஒண்ணுமே தெரியல பாத்துக்கிடுங்க!" என்று வரிசையில் தனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.