முகூர்த்தப் பட்டு கட்டிய ராணி

ஆரணி பஸ் ஸ்டாண்டிலிருந்து வேலு நாச்சியார் வேஷத்தில் விறுவிறுவென்று நடந்துபோன நிலாவின் மேல், ஒரு ஸ்கூட்டர் மழைச் சேற்றை வாரி இறைத்தது. இடுப்பில் மரக்கத்தி, தலையில் கிரீடம், புடவையெல்லாம் சேறு! பள்ளி பள்ளியாகப் போய், ராணியாகவே நடித்து வரலாறு சொல்வதுதான் அவள் வேலை. இன்னும் சற்று நேரத்தில் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும்.

"மன்னிச்சிருங்க... ஜல்தியா வந்துட்டேன்," என்று இறங்கினான் ஓட்டியவன். மழை சொட்டும் இமைகள், பயந்துபோன கண்கள்... திட்ட வாயெடுத்தவளுக்கு வார்த்தை வருவேனா என்றது.

பெயர் தசரதன். சொந்தத் தறியில் நெய்த பட்டை வியாபாரியிடம் கொடுக்கப் போகிறவன். பதற்றத்தில், மூட்டையில் மேலாக இருந்த சிவப்புப் புடவையை எடுத்து நீட்டிவிட்டான். அவளும் யோசிக்காமல் கட்டிக்கொண்டு மேடை ஏறினாள்.

ராணி கணவனை இழக்கும் காட்சி. நிலா வழக்கம்போல நெற்றிக் குங்குமத்தை அழித்தாள், கத்தியை உருவினாள். பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. புடவையைத் திரும்ப வாங்கிப்போகக் கடைசி வரிசையில் நின்ற தசரதன் முகம் மட்டும் பேயறைந்த மாதிரி ஆனது. அவன் கொடுத்தது முகூர்த்தப் பட்டு! பொட்டழித்தவள் கட்டிய புடவையை எந்தக் கல்யாண வீட்டுக்கு விற்பது?

அதற்காக அவளைப் பார்க்க வராமல் இருந்தானா? வந்தவாசி, வெம்பாக்கம்... அவள் நடிக்கும் பள்ளிக்கெல்லாம் ஏதாவது சாக்கோடு வந்து நின்றான். அவளும் மேடை ஏறியதும் கடைசி வரிசையைத்தான் தேடினாள். பாழாய்ப்போன மனசு!

ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவன் அம்மா தேவகிக்கு அவன் ஆசையும், அந்தப் புடவை விஷயமும் தெரிந்துவிட்டதாம். பொட்டழிக்கும் காட்சியை விட்டால்தான் கல்யாணப் பேச்சாம்.

நிலாவுக்குச் சுருக்கென்றது. "அந்த ராணி புருஷன எழந்துட்டுதாங்க படை தெரட்டுனாங்க. அத மறைச்சிட்டு பசங்களுக்கு என்னத்த சொல்றது? நீங்க வேற பொண்ணு பாத்துக்குங்க."

சொல்லிவிட்டாள். பஸ் ஏறி அழுது தீர்த்தாள். ஆனாலும் அடுத்த பள்ளியில் பொட்டை அழிக்கத்தான் செய்தாள். கடைசி வரிசையில் அவன் இல்லை.

பிறகு கண்ணமங்கலம் பள்ளி வாசலில், தூறலில் நனைந்தபடி நின்றான். கையில் அந்தப் பட்டு.

"இத எந்தக் கல்யாணப் பொண்ணுக்கும் விக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. நானும் விக்கப் போறதில்ல. நீங்களே கட்டிக்குங்க... நம்ம கல்யாணத்துக்கு. நீங்க இல்லாம எனக்கு ஆவாதுங்க."

"உங்கம்மா?"

"கோவமாத்தான் கீறாங்க. பேசிகினே இருக்கேன். வுட மாட்டேன்."

அவள் புடவையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண் நிறைந்தது, குரல் மட்டும் இளகவில்லை.

"எனக்கும் நீங்கதான் வேணும். ஆனா கல்யாணத்துக்கு அப்புறமும் மேடையில பொட்ட அழிப்பேன்."

"அழிங்க... நாடகம் முடிஞ்சி எறங்கி வாங்க. நான் வெச்சி வுடுறேன்."