அக்காவின் மெழுகுக்கட்டி

காலியாக இருக்க வேண்டிய துளை நிறைந்திருந்தது.

இப்போதுதான் அவள் போட்ட துளை அது. நோயாளிகளின் திசுவைப் புதைத்து வைத்த மெழுகுக்கட்டிகளிலிருந்து குழல் ஊசியால் ஆளுக்கொரு நூல் கனத்துக்கு எடுத்து, வெறும் மெழுகுக்கட்டி ஒன்றில் வரிசையாக நடுவது அவள் வேலை. நூறு பேரை ஒரே ஸ்லைடில் பார்த்துவிடலாமாம்! இன்று நடுவதற்கு மிச்சமிருந்தது அவளுடைய அக்கா.

அக்கா உயிரோடுதான் இருக்கிறாள். எந்த மருந்து கேட்கும் என்று அடுத்த வாரம் இந்தத் திசுவில்தான் சோதித்தாக வேண்டும். மறுபடி கத்தி வைத்து எடுக்க அவள் உடம்பில் தெம்பில்லை. அதைத் துறைத்தலைவரிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தாயிற்று.

"சார், அதுல இருக்கறதே கடுகளவு. நாம எடுத்துட்டா அக்காவுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"ஒரு மெழுகு பிளாக்குக்காக என் ஆராய்ச்சி நிக்கணுமா? போய் வேலையப் பாரும்மா."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அந்த மனுஷனுக்கு என்ன வந்தது? வயிறு எரிய வந்து உட்கார்ந்தவள், அக்காவின் கட்டியைத் தொட மனமில்லாமல் வெறும் மெழுகில் துளை போட்டே பொழுதைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

ஊசிக்கு மேலிருந்த பூதக்கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டியின் முனகல், உருகிய மெழுகின் வாடை, மூக்கைக் காந்தும் மருந்து நெடி, அவற்றுக்கெல்லாம் அடியில் அப்போதுதான் அறுத்த இறைச்சியின் வாசம் மெல்ல எழுந்தது. மெழுகில் கிடக்கும் திசு செத்து வெளுத்திருக்கும். துளையில் இருந்ததோ சிவப்பாக, ஈரமாக இருந்தது.

"சனியனே," என்று பக்கத்தில் இன்னொரு துளை போட்டாள். சுவருக்கு அப்பால் தொலைபேசியில் முழங்கிக்கொண்டிருந்த தலைவரின் குரல் "ஸ்ஸ்" என்று நின்று, மறுபடி தொடர்ந்தது. துளையின் அடியிலிருந்து சிவப்பு ஊறி மேலே வந்தது.

ஊசியை அடுத்த இடத்துக்கு நகர்த்தினாள். அழுத்தினாள்.

"ஸ்ஸ்."

அழுத்தினாள்.

"ஸ்ஸ்."

கதவு திறந்தது. தலைவர் புறங்கையைச் சொறிந்துகொண்டே வந்தார். "என்னமோ எறும்பு கடிக்குதும்மா இங்க."

புறங்கையில் வட்ட வட்டமாக நான்கு துளைகள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. உள்ளே வெள்ளையாக மெழுகு.

நிறுத்து, போதும் என்றது மனம். அவர் எட்டி அக்காவின் கட்டியை எடுத்தார்.

"இன்னும் தொடவே இல்லையா? நீ தேறமாட்டே. தள்ளு."

"அதை வெச்சிடுங்க சார்!"

வைக்கவில்லை. ஆத்திரம் பயத்தைத் தின்றது. அழுத்தினாள். கன்னம். அழுத்தினாள். கழுத்து. அவர் விழவில்லை. கத்தவில்லை. கையால் விசிறிவிட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

கண்ணை மூடிக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள்.

இந்த முறை "ஸ்ஸ்" கூட வரவில்லை. அவள் கையை யாரோ கைப்பிடியிலிருந்து விலக்கினார்கள். சில்லென்ற விரல்கள். மெழுகின் வழவழப்பு.

கண் திறந்தாள்.

வெறும் கட்டியை அகற்றி, தலைவர் அக்காவை ஊசிக்கு அடியில் பொருத்தியிருந்தார். கண் இருந்த இடத்தில் விழுந்திருந்த துளையைப் பூதக்கண்ணாடியில் பதித்து, இடம் பார்த்து, நிதானமாக ஊசியை இறக்கிக்கொண்டிருந்தார்.