பின்பக்கத்து இடது ரப்பர்

மீட்டர் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் என்றது. பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் இடதுபக்க ரப்பர் வேறு கணக்குச் சொன்னது.

மசாக்கா சந்தைக்குப் பின்னால், வாழைக்குலை லாரிகளின் டீசல் நெடிக்கு நடுவே, கிசிட்டோ குந்தி உட்கார்ந்து அந்தப் பழைய மோட்டார் சைக்கிளைத் தடவிப் பார்த்தான். வாடகைக்கு ஓட்டிப் பழகியவன். மீட்டரை யாரும் திருப்பி வைத்துவிடலாம். செயின் சக்கரத்தின் பற்களையும் பிரேக் மிதியையும் கைப்பிடியையும் ஏமாற்ற முடியாது. அவை எல்லாம் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. அந்த ஒரு ரப்பர் மட்டும் இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது. பெண்கள் ஒருபக்கமாக உட்கார்ந்து இரண்டு கால்களையும் அதில்தான் வைப்பார்கள். ஆனால் இப்படித் தேய, ஒருத்தி வருடக்கணக்கில் இறங்காமலே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"மத்ததை எல்லாம் மாத்திட்டு இதை விட்டுட்டியேண்ணே," என்று கிசிட்டோ சிரித்தான். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குறியா?"

விற்க வந்த லுபேகா சிரிக்கவில்லை. "அதைத்தான் தம்பி மாத்தி மாத்திப் பாத்தேன்."

கிசிட்டோ கேட்ட விலைக்கே கொடுத்தான். சாவியைத் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். ஏமாளி என்று நினைத்துக்கொண்டான் கிசிட்டோ.

அவன் மனைவி நபோஸாவுக்கு மாதம் நெருங்கியிருந்தது. முதல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு நடந்த வழியிலேயே பறிகொடுத்தவள். இந்தப் பிள்ளையாவது வாசல்வரை போய்ச் சேரட்டும் என்றுதான் வண்டியே வாங்கினான்.

புது ரப்பர் மாட்டினான். இரண்டொரு நாளில் இரும்பு தெரிந்தது. மேட்டில் ஏறும்போது, யாரும் இல்லாத பின்சீட்டு கனத்து அமுங்கியது. நிறுத்தத்தில் ஒரு கிழவர் கைகாட்டி, "அந்தம்மா கொஞ்சம் தள்ளினா நானும் ஏறிக்குவேன்ப்பா," என்றார். கண் தெரியாத கிழம்.

வலி வந்தது ஒரு மழைச் சாயங்காலத்தில். நபோஸா ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"முன்னால நகருங்க. எனக்கு இடமே இல்ல."

நகர்ந்தான். டேங்கின்மேல் ஏறாத குறை.

தைல மரங்களின் ஈர வாசனை, சக்கரத்தடியில் வழுக்கும் செம்மண், முதுகுக்குப் பின்னால் அவள் முனகல். உடைந்த பாலத்தில் வண்டி தூக்கிப் போட்டது. அதன்பின் முனகல் இல்லை. வலி விட்டிருக்கும் என்று நிம்மதியானான். இடுப்பில் கைகள் இருந்தன. பாரம் குறையவில்லை.

"இதோ வந்துட்டோம்டி."



ஆஸ்பத்திரி வாசல். விளக்கு. குடையோடு ஓடிவந்த நர்ஸ் அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

"பிரசவம்னு கத்திக்கிட்டு வந்தியே. எங்கேப்பா ஆளு?"

பாலம். மழை. இருட்டு.

வண்டியைத் திருப்பப் பார்த்தான். மூச்சு முட்ட இடுப்பு இறுகியது. குனிந்தான்.

வயிற்றின்மேல் பின்னிக் கிடந்தன பத்து விரல்கள். கொட்டுகிற மழையில், ஒரு சொட்டுகூட நனையாமல்.