தலையணை!

அம்மாவைக் கட்டிப்பிடிக்கக் கூடாது. அம்மாவிடம் எதையும் தூக்கச் சொல்லக் கூடாது. கையைப் பிடித்து இழுக்கவே கூடாது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நர்சு அக்கா சொல்லச் சொல்ல, அருள்மொழியின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் என்றுதானே அவள் அப்பாவோடு மலையிறங்கி வந்தாள்!

"எது வரைக்குமுங்க அக்கா?"

"நெஞ்செலும்பு கூடற வரைக்கும் கண்ணு. மூணு மாசம். ஆபரேசனுக்காக எலும்பை அறுத்து, கம்பியால கட்டி வெச்சிருக்காங்க. உங்கம்மா எதையாச்சும் புடிச்சு இழுத்தா அது விலகிரும். விலகுனா மறுபடியும் இங்கதான் வரணும்."

வீட்டிலிருந்து கொண்டுவந்த இலவம்பஞ்சுத் தலையணையை நர்சு எடுத்துக் காட்டினார். "இருமல் வந்தா இதை நெஞ்சோட சேத்து அணைச்சுக்கணும். அப்ப வலி தெரியாது."

அம்மா சென்னம்மாளின் இதயத்தில் பிறந்ததிலிருந்தே ஓர் ஓட்டை இருந்திருக்கிறது. முப்பது வயது வரை அது யாருக்கும் தெரியாது. மேடு ஏறும்போது மூச்சு வாங்கி, பாதி வழியில் அம்மா உட்கார்ந்துவிடுவாள். "சென்னம்மா உக்காந்துட்டா, இனிப் பொழுது சாஞ்சுதான் எந்திரிப்பா" என்று ஊரே கேலி செய்யும். ஓட்டையைத் தைத்த டாக்டர்தான், "இதை வெச்சுக்கிட்டா இத்தனை வருசம் மலையேறுனீங்க?" என்று ஆச்சரியப்பட்டார்.

ஊருக்குக் காரில் போகலாம் என்றார் அப்பா சின்னுசாமி.

"காரா? அந்த நாத்தத்துக்கே எனக்கு வாந்தி வருமுங்க" என்றாள் அம்மா. "வாந்தி எடுத்தா இந்த நெஞ்சு என்னத்துக்காகும்?"

சரி, பஸ்தான் என்று முடிவாயிற்று.

அடிவாரத்தில் காரவல்லியைத் தாண்டியதும் கொல்லிமலை தொடங்கியது. அம்மா நடுவில், அப்பா ஒரு பக்கம், அருள்மொழி ஒரு பக்கம். முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியது. அம்மாவின் கை சட்டென்று முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தது.

"ஐயோ, அம்மா!" வலியில் கத்திவிட்டாள் அம்மா.

"கம்பியப் புடிக்காத புள்ள!" அப்பா பதறினார்.

"நானா புடிக்கறேன்? கை தானாப் போகுதுங்க!"

உண்மைதான். கொல்லிமலைக்காரர்களுக்கு இது சின்ன வயதிலேயே வந்துவிடும் பழக்கம். தூங்கிக்கொண்டு வந்தாலும், வளைவு வந்தால் கை கம்பிக்குப் போய்விடும்.

"இரு, உன் கையை நான் புடிச்சுக்கறேன்" என்றார் அப்பா.

அடுத்த வளைவு வந்தது. அப்பாவின் இரண்டு கைகளும் கம்பிக்குத் தாவின. அவர் பிடித்திருந்த அம்மாவின் கைகளும் கூடவே போயின.

"நல்லாப் புடிச்சீங்க, போங்க!" என்றாள் அம்மா. அவள் கண்ணில் நீர் நின்றது.

அருள்மொழிக்குப் பயமாகிவிட்டது. எலும்பு விலகிவிட்டால்? மறுபடியும் ஆஸ்பத்திரியா? மேலே ஏற ஏற இன்னும் எத்தனை வளைவுகள்! கையைக் கட்டிப்போடவா முடியும்?

கைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும், அவ்வளவுதானே?

"அப்பா, தலையணை எங்கீங்க?"

அப்பா திருதிருவென்று விழித்தார். அதன் மேல்தான் அவர் சுகமாக உட்கார்ந்திருந்தார்!

அருள்மொழி அதை உருவி அம்மாவின் மடியில் வைத்தாள். "வளைவு வந்தா இதை அணைச்சுக்கம்மா."

"வளைவு வாரது எனக்கெங்க தெரியுது சாமி? நிக்கறவங்க மறைக்கறாங்களே!"

அவ்வளவுதான். அருள்மொழி எழுந்து, கூட்டத்துக்குள் புகுந்து, டிரைவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தாள்.

"அம்மா, தலையணை!"

அம்மா தலையணையை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். பஸ் திரும்பியது. கை கம்பிக்குப் போகவில்லை!

"வலிக்குதாம்மா?"

"இல்ல கண்ணு!"

கண்டக்டர் அப்சர் எட்டிப் பார்த்தார். "ஏங் கண்ணு, என்ன சத்தம்?"

அருள்மொழி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடடே, இதை ஏறும்போதே சொல்றதில்லீங்களா? டிரைவரண்ணே, கொஞ்சம் பையப் போங்க!" என்றார் அப்சர். அடுத்த வளைவில் அவரும் சேர்ந்து கத்தினார். "அக்கா, தலையணை!"

அதற்கடுத்த வளைவில் மரவள்ளி மூட்டைக்காரர் கத்தினார். பிறகு பஸ் முழுவதும் கத்தியது. வளைவுக்கு வளைவு ஒரே குரலில், "தலையணை!"

பாதி மலையில் சேவலோடு ஏறிய ஒருவர் திகைத்து நின்றார். "ஏனுங்க, தலையணை என்ன வெல விக்குது?"

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்க வெக்காதீங்க, வலிக்குது!" என்று தலையணையை அணைத்துக்கொண்டே சிரித்தாள்.

வளைவுகள் எல்லாம் முடிந்தன. மலைமேல் வாழவந்தி நாட்டுப் பகுதியில் அவர்கள் ஊர் வந்தது. அப்பா பைகளோடு இறங்கினார். அம்மா கம்பியைத் தொடாமல், அப்பாவின் தோளை ஒட்டியபடி மெல்ல இறங்கி, சாலையோரம் நிமிர்ந்து நின்றாள்.

அம்மா ஊருக்கு வந்துவிட்டாள்! அருள்மொழிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. படியிலிருந்து குதித்தாள். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, நர்சு சொன்னதெல்லாம் மறந்துபோய், அம்மாவை நோக்கி ஓடினாள்.

"தலையணை!"

பஸ்ஸின் எல்லா ஜன்னல்களிலிருந்தும் சத்தம் வந்தது. சேவல்காரர்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கத்தினார்.

அருள்மொழி சட்டென்று நின்றாள். கைகள் விரித்தபடியே இருந்தன. அம்மா தலையணையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

"இப்ப வா சாமி. மெதுவா."

அருள்மொழி மெதுவாக நடந்துபோய்த் தலையணையில் கன்னத்தை வைத்தாள். அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் அவள்.

அப்சர் விசிலை வாயில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். "இருங்க டிரைவரண்ணே, ஒரு நிமிசம் கழிச்சுப் போலாம்" என்றார்.