நாற்காலியில் பெண்

நாற்காலிக்கு முன்னால் தரையில் ஒட்டியிருந்த நீல டேப்புக்குள் ஜோசெத் தன் இடது காலை வைத்தாள். கால் டேப்பைத் தொடவில்லை. பாதத்தைச் சுற்றி ஒரு விரல் அளவுக்கு வெற்றுத் தரை தெரிந்தது.

நேற்று வரை சரியாக இருந்தது. முதல் நாளே, படம் வரையும் நோயெல்லா முழங்காலிட்டு உட்கார்ந்து, அவள் பாதத்தின் ஓரமாகவே டேப்பைச் சின்னச் சின்னதாக வெட்டி ஒட்டியிருந்தாள். இடைவேளைக்கு எழுந்து போய்த் திரும்பி வந்தால் காலை அந்த எல்லைக்குள் வைத்தால் போதும். இடுப்பும் தோளும் கழுத்தும் தாமாகவே பழைய இடத்தைத் தேடிப் போய்விடும். இருபது வருடமாக மொன்றியல் நகரத்து ஓவியர்களுக்கு முன்னால் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து பிழைத்தவள் ஜோசெத். அவள் கால் டேப்பில் பொருந்தாத நாள் ஒன்றுகூட இருந்ததில்லை.

"ஏய் நோயெல்லா, டேப்ப மாத்தி ஒட்டினியா?"

கேன்வாஸுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "நான் ஏன் மாத்தறேன்? இந்தக் குளுருல நீதான் சுருங்கியிருப்ப."

"காலு எங்கயாவது சுருங்குமாடி?"

"நாப்பது தாண்டினா எல்லாம் சுருங்கும்னு எங்கம்மா சொல்வாங்க. பேசு, சிரி, கொட்டாவி விடு. மூஞ்சிய என்ன வேணா பண்ணிக்கோ. கால மட்டும் அசைக்காத."

ஜோசெத் சிரிக்கவில்லை. மூஞ்சியை என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கொள்ளலாம். அவ்வளவு திமிர். அவ்வளவு நிச்சயம் தன் கைமேல்.

பத்து வருடத்துக்கு முன்னால், மாலை ஓவிய வகுப்பில், ஜோசெத்தின் முழங்கையை வரையத் தெரியாமல் அழுத பெண் இந்த நோயெல்லா. இடைவேளையில் ஜோசெத்தான் போய் அவள் பக்கத்தில் நின்று, "எலும்பு இங்க திரும்புது பாரு" என்று தன் கையையே மடக்கிக் காட்டினாள். அதன்பிறகு இருவரும் சேர்ந்து, பழைய தையல் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில் இந்த ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்தார்கள். வடக்கு ஜன்னல் ஓரம் நோயெல்லாவுக்கு. கண்ணாடி மாட்டிய சுவர் ஓரம் ஜோசெத்துக்கு. ஏனென்றால் ஜோசெத்தும் வரைந்தாள். எப்போதுமே வரைந்தாள். மற்றவர்களுக்கு உட்கார்ந்து சம்பாதித்ததைக் கொண்டு வண்ணம் வாங்கி, தன்னைத்தானே வரைந்தாள்.

நகரக் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி வருகிறது: வரைந்த பெண்கள், வரையப்பட்ட பெண்கள். ஒரு ஸ்டுடியோவிலிருந்து ஒரு படம்தான் எடுப்பார்கள். நாளை மதியம் நடுவர்கள் பார்க்க வருகிறார்கள். நோயெல்லா கொடுப்பது ஜோசெத்தின் உருவப்படம். ஜோசெத் கொடுப்பதும் ஜோசெத்தின் உருவப்படம்.

"எது ஜெயிச்சாலும் சுவத்துல தொங்கப்போறது நீதானடி" என்று நோயெல்லா போன மாதம் பட்டாணி சூப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் ஜோசெத் இருபது வருடமாகச் சுவர்களில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். கீழே ஒட்டும் அட்டையில் வரைந்தவர் பெயர் இருக்கும். இவளுக்கு, நாற்காலியில் பெண். குளித்த பெண். பச்சை உடையில் பெண். ஒரே ஒரு அட்டையில், ஒரே ஒரு முறை, ஜோசெத் லவீன் என்று இருக்கவேண்டும். அதற்கு நோயெல்லாவின் படம் நாளை தோற்கவேண்டும்.

மூன்று மணிக்கு நோயெல்லா படத்தின்மேல் வெள்ளைத் துணியைப் போட்டாள். முடியும்வரை உட்கார்ந்தவள் பார்க்கக்கூடாது என்பது எல்லா ஸ்டுடியோவிலும் உள்ள வழக்கம்.

"எங் குழந்தைய ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வந்து எங்கம்மாகிட்ட விட்டுட்டு திரும்பி வரேன். கொஞ்சம் வேல மிச்சமிருக்கு. நீ போயிடாத."

"எங்க போவேன்? நான் இருந்தாத்தான உனக்குப் பொழப்பு."

"அதச் சொல்லு" என்று சிரித்துவிட்டு நோயெல்லா போனாள். சரக்கு லிஃப்ட்டின் இரும்புக் கதவு மூடி, சங்கிலி தேய்ந்து தேய்ந்து கீழே இறங்கும் சத்தம் கேட்டு, அதுவும் நின்றது.

ஜோசெத் பச்சை உடையைக்கூட மாற்றாமல், வெறுங்காலோடு தன் படத்திடம் போனாள். நான்கு மாத வேலை. கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வைத்த ஒவ்வொரு கோடும் அதில் இருந்தது, ஆனால் முகம் மட்டும் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வந்தது. காலையில் கன்னத்தில் வைத்த சிவப்பு மாலையில் இல்லை. வண்ணம் காயும்போது கேன்வாஸ் துணி எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும், நிறம் செத்துப்போகும், எல்லாருக்கும் நடப்பதுதான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று காலை செங்கல் தூளைப்போல ஒரு சிவப்பைக் கலந்து, விரலாலேயே தேய்த்து வைத்தாள். அது இப்போது இல்லை. கன்னம் இருந்த இடத்தில் சாம்பல் நிறம்.

அவள் திரும்பி, ஜன்னல் ஓரம் நின்ற வெள்ளைத் துணியைப் பார்த்தாள்.

தினமும் இப்படித்தான். பார்க்கக்கூடாது என்று நினைப்பாள். பார்ப்பாள்.

துணியைத் தூக்கினாள்.

ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது; அதற்கு அடியில் வேறொரு வாசனை, தூங்கி எழுந்தவளின் கழுத்துச் சூடு போல ஒன்று, அது எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பதற்குள் அவள் கண் படத்தின் முகத்தில் மாட்டிக்கொண்டது. நேற்றைவிட நன்றாக இருந்தது. நேற்று உதடு மூடியிருந்தது. இன்று எதையோ சொல்ல எடுத்து, சொல்லாமல் வைத்ததுபோல் லேசாகப் பிரிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த களைப்பைக்கூட நோயெல்லா அழகாக ஆக்கி வைத்திருந்தாள். ஜோசெத் நான்கு மாதமாகக் கண்ணாடிக்குள் தேடியவள் இவள்தான். இவளைத் தேடி அவள் தூக்கம் இழந்தாள். இவளோ இங்கே வந்து, இன்னொருத்தியின் கேன்வாஸில் சொகுசாக உட்கார்ந்திருந்தாள்.

நோயெல்லாமேல் வந்த பொறாமை பெரிதல்ல. படத்தில் இருந்தவள்மேல் வந்ததுதான் பெரிது.

கன்னத்தில் சிவப்பு இருந்தது. செங்கல் தூளைப்போல. விரலால் தேய்த்ததுபோல.

என் கலவையைத் திருடியிருக்கிறாள் என்று நினைத்தாள். நான் சூப் குடிக்கும்போது என் வண்ணத் தட்டிலிருந்து எடுத்திருப்பாள். ஆனால் இன்று முழுவதும் நோயெல்லாவின் தோள் தாழ்ந்தே இருந்தது. அவள் தூரிகை கீழே, பாவாடை ஓரத்தில்தான் போய்வந்துகொண்டிருந்தது. இருபது வருடம் உட்கார்ந்தவளுக்கு, வரைபவளின் தோளைப் பார்த்தாலே தூரிகை எங்கே போகிறது என்று தெரியும். அந்த நினைப்பு வந்தது. பொறாமை அதைத் தள்ளிவிட்டது.

தெருவில் பனி அள்ளும் வண்டிகளின் சைரன் ஏறி இறங்கியது. நிறுத்திய கார்களை எடுக்கச் சொல்லும் சைரன். ஜன்னலில் வெளிச்சம் நீலமாகத் தொடங்கியிருந்தது.

வண்ணம் வழிக்கும் கத்தியை எடுத்தாள். ஈர வண்ணம்தானே. ஒரு நிமிட வேலை. படத் தாங்கி சாய்ந்து விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். நாளை மதியத்துக்குள் நோயெல்லாவால் இன்னொரு முகம் வைக்க முடியாது.

நெற்றியில் ஆரம்பித்தாள். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. மெதுவான, கொழகொழவென்ற சத்தம். புருவம் போனது. கண் கத்தியில் நீளமாக இழுபட்டது, இழுபடும்போதும் அவளையே பார்த்தது. மூக்கு. கன்னம். கத்தியின் பிடி கையில் சூடானது. கடைசியாக உதடு. உதடு சுலபமாக வரவில்லை. அழுத்தி வழித்தாள்.

போன் அடித்தது.

நோயெல்லா. பின்னால் தெருவில் பனி வண்டியின் சைரன் கேட்டது.

"ஜோ, இன்னும் இருக்கியா? நல்லவேள. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். திட்டாத."

"என்ன?"

"இன்னிக்கி ராத்திரி ஒரு ரெண்டு மணி நேரம் உக்காருவியா? முகம் வைக்கணும்."

ஜோசெத் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"ஏய், கேக்குதா? முகம்டி. எல்லாம் முடிஞ்சுது, முகம் மட்டும் அப்படியே வெள்ளையா கெடக்குது. நான் எப்பவும் கடைசிலதான வைப்பேன். பயம் எனக்கு. அதுவும் உன் முகம்னா சொல்லவே வேணாம். ஒரு கோடு கூட இன்னும் போடல."

"நேத்து?"

"நேத்து என்ன? நேத்து கைதான் பண்ணேன். சரி, லிஃப்ட்டுகிட்ட வந்துட்டேன். மேல வரேன், இரு."

போன் நின்றது.

ஜோசெத் படத்தைப் பார்த்தாள். பச்சை உடை இருந்தது. மடியில் கைகள் இருந்தன. கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளைக் கேன்வாஸ். வழித்த தடம் இல்லை. கறை இல்லை. காய்ந்த, சுத்தமான, யாரும் தொடாத வெள்ளை.

கத்தியைப் பார்த்தாள். அதுவும் சுத்தமாக இருந்தது.

தன் கன்னத்தைத் தொட்டாள். விரல் கொஞ்சம் உள்ளே போனது. எடுத்துப் பார்த்தாள். விரல் நுனியில் செங்கல் சிவப்பு. ஈரமாக.

பின்னால் நகர்ந்தாள். அறையில் இருந்தது ஒரே நாற்காலி. உட்கார்ந்தாள். இடது கால் தானாகவே டேப்புக்குள் போனது. இடுப்பு திரும்பியது. தோள் தாழ்ந்தது. கழுத்து தன் இடத்தைத் தேடிப் போய் நின்றது. எழுந்திருக்க நினைத்தாள். எதுவும் எழவில்லை.

எதிரே துணி உரசியது.

நோயெல்லாவின் கேன்வாஸின் ஓரத்தைப் பிடித்து ஒரு கை வந்தது. அப்புறம் பச்சை உடை. அப்புறம் வெறுங்கால், தரையில் சத்தமே இல்லாமல். அப்புறம் முகம். முழு முகம். லேசாகப் பிரிந்த உதடு. கன்னத்தில் சிவப்பு.

அவள் ஜோசெத்தைத் தாண்டி நடந்தாள். தாண்டும்போது முதுகு தெரிந்தது.

முதுகு இல்லை. யாரும் அவள் முதுகை வரைந்ததில்லை. அங்கே, கேன்வாஸின் பின்பக்கம்போல, குறுக்கும் நெடுக்கும் மரச்சட்டம். சட்டத்தில் மடித்து அடித்த துணி. வரிசையாக இரும்பு ஆணிகள். மூலையில் கடைக்காரன் பென்சிலால் எழுதிய அளவு.

அவள் ஜோசெத்தின் தாங்கிக்கு முன்னால் நின்றாள். ஜோசெத்தின் தூரிகையை எடுத்தாள். மங்கிப்போன முகத்தில் மூன்று கோடு. மூன்றே மூன்று. நான்கு மாதமாக ஜோசெத்துக்கு வராத மூன்று கோடு. படம் விழித்துக்கொண்டது.

அந்த நிலையிலும் ஜோசெத்துக்குப் பொறாமை வந்தது.

அவள் குனிந்து, வலது மூலையில், கறுப்பு வண்ணத்தில், நிதானமாகப் பெயர் எழுதினாள். ஜோசெத் லவீன்.

லிஃப்ட்டின் சங்கிலி ஏறியது. இரும்புக் கதவு. காலடி. அவள் சட்டென்று திரும்பி, சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டாள். மரம் சுவரில் இடிக்கும் சின்னச் சத்தம்.

"அடிப்பாவி, முடிச்சிட்டியா?" நோயெல்லா கோட்டைக் கழற்றிக்கொண்டே ஜோசெத்தின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "இனிமே என்னுத எதுக்கு நான் முடிக்கணும்? நாளைக்கி நீதான்டி."

"முடி, இங்கயே நிக்கறேன்" என்றது சுவரோரம் நின்றவளிடமிருந்து ஜோசெத்தின் குரல். "பாதில விடக்கூடாது."

நோயெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு தூரிகையை எடுத்தாள். ஜோசெத் நாற்காலியிலிருந்துதான் அதைப் பார்த்ததாக நினைத்தாள். ஆனால் நாற்காலி எதிரே, தள்ளி, காலியாக இருந்தது. நோயெல்லாவின் முகம் மிக அருகில் வந்தது. மிகப் பெரிதாக. கத்தவேண்டும். கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளை; எதைத் திறந்து கத்துவது?

"எப்பவுமே இங்கதான் எனக்குப் பயம்" என்றாள் நோயெல்லா. "கண்ணுலேருந்து ஆரம்பிக்கட்டுமா, வாயிலேருந்தா?"

"கண்ணு மட்டும் வை" என்றது சுவரோரக் குரல். "வாய் வேணாம்."

தூரிகையின் ஈர நுனி இடது கண்ணை நோக்கி வந்தது.