குளிர்ந்த ஊசிகள்

திரைக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் ஒரு பச்சைப் புள்ளி மிச்சமிருந்தது.

பம்பின் சீரான முனகலும் சூடான ரப்பர் வாசனையும் நிரம்பிய அந்த மதிய ஆய்வகத்தில், அவள் உருக்குக் கலத்தின் கண்ணாடி ஜன்னல் அருகே குனிந்து பார்த்தாள். உள்ளே, காற்றே இல்லாத வெற்றிடத்தில், அவள் செய்த உள்ளங்கை அளவுச் சிலிக்கான் தகடு. அதன்மேல் அமிலத்தால் அரித்துக் கூராக்கிய லட்சக்கணக்கான ஊசிகள். பழைய டிவி குழாயில் எலக்ட்ரானை வெளியேற்ற இழையைச் சூடாக்க வேண்டும். இங்கே சூடே வேண்டாம். எதிரே இருக்கும் திரைக்கு நேர்மின்னழுத்தம் கொடுத்தால் போதும். அந்த இழுவை ஊசிமுனைகளில் குவிந்து, எலக்ட்ரான்களை உருவி எடுத்துவிடும். அவை மோதும் இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். கலத்துக்குள் காற்று புகுந்தால் எல்லாம் நின்றுவிடும். எதிரே இழுப்பதற்கு ஒன்று இல்லையென்றால், எதுவும் வெளியே வராது.

"அண்ணே, பவர நிறுத்திட்டீங்கல்ல?"

பம்பைக் கவனிக்கும் அண்ணன், கழற்றிய பிளக்கை ஆட்டிக் காட்டினார். "இதோ, வாலையே பிடிச்சிருக்கேன். போதுமா?"

புள்ளிகள் பெருகின. வரிகளாயின. வளைவு வளைவான வரிகள், நடுவே சாய்வாக ஒரு வெட்டு.

"கைரேகை மாதிரில்ல இருக்கு! வா, ஜோசியம் பாத்துரலாம்."

அவள் சிரிக்கவில்லை. அந்தச் சாய்வு, காய் நறுக்கும்போது அவள் விரலில் பட்ட வெட்டு. நேற்று தகட்டைப் பொருத்திய பிறகுதான் கையுறையின் ஆட்காட்டி விரல் கிழிந்திருந்ததைக் கவனித்தாள். வெறும் விரல் பட்ட தகட்டை மறுபடி கழுவினால் ஒரு நாள் வீண் என்று, அப்படியே கலத்தை மூடிவிட்டாள்.

விரல் ஜில்லென்றது. தூக்கிப் பார்த்தாள். நுனியில் ரேகை இல்லை. வெட்டும் இல்லை. வெறும் வழவழப்பு.

"காத்த உள்ள விடுங்கண்ணே! சீக்கிரம்!"

அண்ணன் வால்வைத் திருகினார். அசையவில்லை.

போன் அடித்தது. கணவன்.

"பாப்பா விரலெல்லாம் ஐஸா இருக்கு. காய்ச்சலும் இல்ல. நீ எப்ப வர்ற?"

நேற்று மாலை அந்த ஆட்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டுதான் மகள் சாலையைக் கடந்தாள்.

"அவ கையத் தொடாதீங்க."

"தொடாமயா? பிடிச்சுக்கிட்டுதான இருக்கேன்."

திரையில் அவள் விரல் முழுதாக எழுந்தது. நகம். கணு. பிறகு, கீழிருந்து, நான்கு சின்ன விரல்கள். பச்சையாக. அவள் விரலைச் சுற்றின. இறுகின.

மெல்ல, சாலையைக் கடப்பதுபோல, அவள் விரலும் அந்தச் சின்னக் கையும் திரையின் இருண்ட ஓரத்தை நோக்கி நகரத் தொடங்கின.