நகம் படக் கூடாத பூ

செண்டுமல்லிப் பாத்தியில் தேனீ மொய்த்தது. அதை ஒட்டியிருந்த கோழிக்கொண்டைப் பாத்தியில் ஒரு தேனீகூட இல்லை. ஈதான் மொய்த்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரில், எலப்புள்ளிக் கறிக்கடை வாசலில் பறக்குமே, பச்சையாய் மினுக்கும் தடித்த ஈ, அதேதான். பூவில் ஈ உட்கார்ந்து மாரீஸ்வரி இதுவரை பார்த்ததில்லை.

"ஏங்க, இங்க என்னமோ நாறுது" என்றாள்.

"உரம் போட்டிருப்பாங்க. மூக்கைப் பொத்திக்கிட்டுப் பறி" என்றான் அவள் கணவன் பாண்டி. அவன் போனில் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தான்.

ஓணத்துக்கு இன்னும் நாலு நாள். பெருமாட்டி என்ற ஊரில் பூக்காட்டுக்குள்ளேயே ஆட்களை விடுகிறார்கள், வேண்டிய பூவை நாமே பறித்துக்கொள்ளலாம் என்று பாண்டியோடு கம்பெனியில் வேலை பார்க்கும் ஜோபி சொன்னதைக் கேட்டு பைக்கில் வந்திருந்தார்கள். மறுநாள் மகள் செல்வலட்சுமியின் பள்ளிக்கூடத்தில் பூக்களப் போட்டி, பூவாலேயே கோலம் போடுவது. அவள் வகுப்புப் பிள்ளைகள் சிவப்புப் பூ கொண்டுபோக வேண்டும். போன மாதம் டைபாய்டில் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்த ஐந்து வயதுப் பிள்ளை அது. அம்மா கையால் ஊட்டினால் மட்டும்தான் வாயைத் திறக்கும். அந்தப் பிள்ளை விழுங்குகிற ஒவ்வொரு உருண்டையையும் எண்ணிக்கொண்டுதான் மாரீஸ்வரி உயிரோடு இருந்தாள். நேற்று ஏழு உருண்டை.

காட்டுக்காரர் ரத்தினசாமியின் மனைவி முத்தாத்தாள் நுழையும்போதே கூடையும் கத்தரியும் கொடுத்திருந்தாள்.

"மஞ்சப்பூவ எப்படி வேணா பறிச்சுக்கங்க. கொண்டப்பூவ மட்டும் கத்தரில வெட்டோணுமுங்க. நகம் படக் கூடாது."

"ஏங்க்கா?"

"ஆகாதுங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள். கத்தரியை நீட்டிய அவளுடைய வலது கைப் பெருவிரல் முதல் கணுவோடு முடிந்திருந்தது. ஏதாவது மெஷினில் போயிருக்கும் என்று மாரீஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மாரீஸ்வரி மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஒன்பது வருஷம் தேயிலைக் கொழுந்து கிள்ளியவள். கொழுந்து கிள்ளுகிறவர்களுக்குக் கண் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முதல் நாலு பூவைக் கத்தரியால்தான் வெட்டினாள். ஐந்தாவதில், மகள் எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். செல்வலட்சுமி வரப்பில் உட்கார்ந்து செண்டுமல்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நொடி போதும். கை பழைய வேலைக்குப் போய்விட்டது.

கிள்ளியது காம்பு மாதிரி இல்லை. உதட்டைக் கிள்ளின மாதிரி மெத்தென்று இருந்தது. சூடாக வேறு இருந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். தூரத்தில் பட்டுத்துணி போல் அழகாகத் தெரிந்த அந்தச் சிவப்பு, கிட்டத்தில் மடிப்பு மடிப்பாய், ஈரமாய், எதனுடைய உள்பக்கமோ வெளியே வந்து நிற்பதாய்த் தெரிந்தது. நகம் பட்ட இடத்தில் பழுத்த கட்டியை அமுக்கினால் வருமே, அப்படி ஒரு கெட்டியான இளஞ்சிவப்பு பிதுங்கியது. அதன்மேல் கறுப்பு விதைகள் பொடிப்பொடியாய் ஒட்டியிருந்தன. ஒரு மடிப்பு மெல்லச் சுருங்கி விரிந்தது. காற்று சுத்தமாக இல்லை.

"ஏங்க, இந்தப் பூ சுடுது."

"வெயில்ல நிக்கிற பூ சுடாம குளிருமாக்கும்" என்று பாண்டி சிரித்தான்.

அவள் குழாயடிக்குப் போய் மண்ணைப் போட்டுத் தேய்த்தாள். பையில் இருந்த சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். கை வெளுத்தது; பெருவிரல் நகத்தின் அடியில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு நின்றது. முகர்ந்து பார்த்தாள். நாள்பட்ட கறியின் வாடை.

மதியம் தென்னைமரத்தடியில் டிபன்பாக்ஸைத் திறந்தார்கள். தயிர்ச்சோறு. மாரீஸ்வரி ஸ்பூனால் கொடுத்தாள். செல்வலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டாள். பாண்டி உருட்டிக் கொடுத்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இடது கையால் ஊட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பெற்ற பிள்ளைக்கு யாராவது இடது கையால் சோறு கொடுப்பார்களா? நினைத்ததற்கே வெட்கப்பட்டாள். மறுபடியும் கழுவிவிட்டு வலது கையையே சோற்றில் வைத்தாள்.

நாலு விரலால் உருட்டப் பார்த்தாள். உருண்டை உடைந்தது. பெருவிரல் தள்ளாமல் சோறு வாய்க்குள் போகாது. தள்ளினாள்.

பிள்ளை விழுங்கினாள். "இன்னும்" என்றாள். ஏழு, எட்டு, பதினொன்று. வெள்ளைச் சோற்றில் கடுகு கறுப்பாய் மின்னியது. பதினாறாவது உருண்டையில் மாரீஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படிச் சந்தோஷப்பட்டு எத்தனை நாளாயிற்று! பாக்ஸ் காலியானதும் செல்வலட்சுமி அம்மாவின் பெருவிரலைப் பிடித்து, நகத்தோடு சேர்த்துச் சப்பினாள்.

பாண்டி பைக்கை எடுக்கப் போனான். மாரீஸ்வரி மகளைக் கூட்டிக்கொண்டு கத்தரியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். வாங்க நீண்ட முத்தாத்தாளின் கை பாதியில் நின்றது. மாரீஸ்வரியின் பெருவிரலைச் சுற்றி ஒரு ஈ பறந்துகொண்டிருந்தது.

"கிள்ளிப்போட்டியா?" அவள் பேச்சிலிருந்த 'ங்க' எல்லாம் போய்விட்டிருந்தது.

"தெரியாம கை போயிருச்சுக்கா."

முத்தாத்தாள் குரலைத் தாழ்த்தினாள். "நகத்துக்குள்ள ஏதாச்சும் தலை நீட்டுனா உட்டு வெக்காத, கண்ணு. அப்பவே வெட்டிப்போடு. நான் ரெண்டு நாளு சும்மா பாத்துட்டு இருந்துட்டேன்." கட்டைப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். "அது வரைக்கும் அந்தக் கைய வாயில வெச்சுராத."

மாரீஸ்வரி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வாய்க்குள்ள போயிருச்சுன்னா?"

முத்தாத்தாள் செல்வலட்சுமியைப் பார்த்தாள். பிள்ளை உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. முத்தாத்தாள் கத்தரியை வாங்காமல், அதை மாரீஸ்வரியின் பைக்குள்ளேயே தள்ளிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

பைக்கில் இரண்டு பேருக்கும் நடுவில் செல்வலட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நாக்கு அரிக்குது."

"தயிரு புளிச்சிருக்கும் பாப்பா" என்றான் பாண்டி முன்னாலிருந்து.

பிள்ளையின் மூச்சு மாரீஸ்வரியின் முகத்தில் பட்டது. கறிக்கடை வாடை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்ற மகளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்போதுதான் அது உறைத்தது.

கடுகு.

பல்லில் கடுகு பட்டால் செல்வலட்சுமி துப்பிவிடுவாள். அதனால் தயிர்ச்சோற்றுக்கு மாரீஸ்வரி தாளிப்பதே இல்லை.

வீடு வந்து சேரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. பாண்டி பால் வாங்கக் கடைக்குப் போனான். பறித்த பூவைக் கொல்லைப்புறத்தில் வீசிவிட்டு மாரீஸ்வரி அடுக்களையில் விளக்கைப் போட்டாள். பெருவிரல் நகம் தூக்கிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து ஒரு மடிப்பு எட்டிப் பார்த்தது. சிவப்பாய், மெத்தென்று, ஈரமாய்.

பையிலிருந்து கத்தரியை இடது கையால் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அந்த மடிப்பை வெட்டினாள். துண்டு பாத்திரத் தொட்டியில் விழுந்தது. வலிக்கவே இல்லை. தொட்டியில் கிடந்தது ஒருமுறை சுருங்கியது. வாந்தி எடுத்தாள். விரலை நீட்டிப் பார்த்தாள். வெறும் சதை. ரத்தம். அவளுடைய ரத்தம். அது போய்விட்டது. வெட்டினால் போய்விடுகிறது.

"அம்மா."

செல்வலட்சுமி வாசல்படியில் நின்றிருந்தாள். வாயை மூட முடியாமல் நின்றிருந்தாள். உதட்டோரம் ஒரு ஈ. அவள் அதை ஓட்டவில்லை.

"ப...பசிக்குதும்மா."

எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை. ஆனால் அது சரியாக வரவில்லை. வாய்க்குள் ஏதோ அடைத்துக்கொண்டு வந்தது.

"வாயைத் திற, தங்கம்."

திறந்தாள். விளக்கு வெளிச்சம் உள்ளே விழுந்தது. நாக்கு நாக்காக இல்லை. மடிப்பு மடிப்பாக. பட்டுத்துணி போல. பல்லுக்குப் பல் நடுவில் கறுப்பாய், பொடிப்பொடியாய், மின்னிக்கொண்டு. காற்றே இல்லாத அடுக்களையில் ஒரு மடிப்பு மெல்லச் சுருங்கி விரிந்தது.

பிள்ளை வாயைத் திறந்தபடியே, ஊட்டுவாள் என்று காத்திருந்தாள்.

கத்தரி மாரீஸ்வரியின் வலது கைக்கு மாறியிருந்தது.